ஸ்டேஷன் வரும் என்றாயே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத் தேவையில்லை, நீ மேடையில் பேசியதை நேற்று பார்த்தேன், கன்னத்தில் நன்றாகச் சதை வைத்திருக்கிறது, சட்டை புதுசு, காலர்தான் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பாதியில் விடாமல் படி.

முதலில் வீட்டு விஷயம். பின்பக்கச் சுவரில் மறுபடி ஈரம் ஏறிவிட்டது, எத்தனை முறை பூசினாலும் உதிர்கிறது. என் தையல் மிஷின் மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்திக் கிடக்கிறது. பழைய வீட்டில் ஏறினால் வீடு, இறங்கினால் கடை, கதவைத் திறக்குமுன் பேன்ட்டும் கையுமாக ஆள் நிற்கும். இங்கே ஒரு பட்டன் தைக்க இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வர யாருக்குப் பைத்தியம். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, கண்தான் மோசம். அடுத்த குளிர்காலத்துக்குப் பிறகு வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா கொஞ்சமும் அசரவில்லை, "அதுக்குள்ள ரயில் வந்துரும் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

அவரை உனக்குத் தெரியாதா, ஆயுசெல்லாம் பேருந்து ஓட்டியவர், காலி சீட்டோடு வண்டியை எடுக்க மனசு வராது. காலையில் தெருமுனையில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார், பக்கத்து வீட்டு நர்ஸம்மா, பேக்கரிக்குப் போகும் பெண், எதிர்வீட்டுக் கணக்காளர் என்று எல்லாரையும் அடைத்துக்கொண்டு, கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்து, "போலாம் ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். ரயில் நிலையம் அமையும் இடம் என்று, நீ இந்தக் குடியிருப்புக்குப் பிளான் போட்டபோது உங்கள் கம்பெனி நட்டுவைத்த பலகை இருக்கிறதே, திரும்பும்போது அங்கே இறங்கி அதன்மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வருவார். தெருவில் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமைதான்.

நேற்று மத்தியானம் நர்ஸம்மா, "அக்கா, உங்க பையன் பேசறார், வந்து பாருங்க" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா பால் வாங்கப் போயிருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் பக்கவாட்டில் பரவப் பரவப் புகை ஏறும் என்றாய். வீடு ஓரிடம், வேலை ஓரிடம், கடை ஓரிடம் என்று பிரித்து வைத்தால் மனிதர் நடக்க மாட்டார்கள், எண்ணெயை எரித்துக்கொண்டே இருப்பார்கள் என்றாய். சதுப்பு நிலம் காலங்காலமாகத் தன் சேற்றுக்குள் கரியைப் பூட்டி வைத்திருக்கும், அதைத் தோண்டி வற்றவைத்தால் அத்தனையும் காற்றில் கலக்கும் என்றாய். நன்றாகத்தான் சொன்னாய், என் மரமண்டைக்கே புரிந்தது, நம் வீடும் அப்படி வற்றவைத்த சேற்றின்மேல் நிற்பதால்தான் சுவரில் ஈரம் ஏறுகிறது என்பதும் புரிந்தது. பிறகு மேலேயிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினாய். மொட்டைமாடியில் காய்ந்த மஞ்சள் போர்வையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு நான் தைத்த போர்வை அது. "இங்கே பால் வாங்கக்கூட ஆளுக்கொரு கார் எடுக்கிறார்கள்" என்றாய், கூட்டம் சிரித்தது. பாலுக்குக்கூடக் கார் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது நான் உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தது அல்லவா. தெருமுனையில் நின்றதே அந்த வண்டி அப்பாவுடையது, உள்ளே இடித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் இருந்திருப்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் கூரைதானே தெரியும்.

சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே ரயிலைக் கைவிட்டுவிட்டார்கள், எங்கள் எல்லாருக்கும் தெரியும், வீடுகள் விற்க வேண்டுமே என்று வாயைத் திறக்கவில்லை என்றாய். உன் நேர்மைக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். நர்ஸம்மா போனை அணைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "பிளான் போட்டவரோட அப்பா அம்மாவே குடிவந்தாங்கன்னுதான் அக்கா நாங்களும் நம்பி வாங்கினோம்."

பழைய கடையில் என் துணி வெட்டும் மேசைமேல் உட்கார்ந்து நீ இங்கே வீடு வாங்கச் சொன்ன அன்றைக்கு, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுடா, ரயில் நிச்சயமாக வருமா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு "வரும்மா, என்னை நம்ப மாட்டியா" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன், பெற்ற பிள்ளையிடம் என்ன கேட்பது. கையைப் பிடித்துக்கொண்டே கழுத்தை அறுத்துவிட்டாயடா. ஊர் பேர் தெரியாத கூட்டத்திடம் உண்மை சொல்ல உனக்கு வாய் வந்தது, என்னிடம் வரவில்லை.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பாலோடு வந்தவர் நர்ஸம்மா எதற்கு வந்தாள் என்று கேட்டார், சர்க்கரை கேட்டு வந்தாள் என்று பொய் சொன்னேன். நானும் உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் பார். இனி என்னால் முடியாது, நீயே வந்து சொல். கார் பிடித்து வாசலில் வந்து இறங்காதே, அப்பாவும் வண்டி எடுத்து வரமாட்டார். பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை வந்து இறங்கு, அதற்குமேல் பேருந்து கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நட. நடைபாதை இல்லை, லாரி வந்தால் ஓரம் ஒதுங்கு. வழியில் ஒரு மரம் கிடையாது, தொப்பி எடுத்துக்கொள்ள மறக்காதே.

கோபத்தில் இருந்தாலும் நல்லா இரு, நூறு வயசு இரு என்று சொல்லாமல் முடிக்க எனக்குத் தெரியவில்லை. உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருப்பேன். ஆனால் வீடு வந்து சேருமுன் வழியில் அந்த ஸ்டேஷன் பலகை வரும். அப்பா தூசி துடைக்கும் துணியோடு அங்கே நின்றால் முதலில் துணியை வாங்கிக்கொள், பிறகு சொல்.

உன் அம்மா