மார்கழியில் பார்த்த கிணறு

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்னமே சொன்னேன், மச்சான். நேற்று உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து உன் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். ஒரு மிடறு குடித்தேன். சீனி போட்டும் அடங்காத உப்பு.

என்னை உனக்குத் தெரியும்தானே. மன்னார்த் தீவில் மண்ணை முகர்ந்தே கிணற்றின் ஆழம் சொல்லும் காணித் தரகன் நான் ஒருவன்தான். கொழும்பு எஞ்சினியர்மாரே வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் நீயும் இந்தியாவில் அகதி முகாமை விட்டு வந்த கையோடு என்னிடம் வந்தாய். பேசாலையில் காணி காட்டினேன். மார்கழி மாதம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊர் வழக்கப்படி ஒரு வாளி அள்ளிக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாய். இளநீர் மாதிரி இனித்தது.

"மச்சான், நீ எனக்குத் தரகனோ, காணிக்காரனுக்கோ?" என்று கேட்டாய்.

"விசர்க் கதை கதையாத. உனக்குத்தானடா."

கனடாவில் இருந்த காணிக்காரரிடமும் முதல் நாள் "உங்களுக்குத்தான்" என்றே சொல்லியிருந்தேன். "தண்ணியைப் பற்றி மட்டும் வாய் திறவாதேங்கோ" என்றார் அவர்.

மழைத் தண்ணி வற்றி, ஆவணியில் கிணறு உப்பாகியது. நீ வந்து ஒரு சொல் கேட்கவில்லை. சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் கலன்களைக் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய்வரத் தொடங்கினாய். ஒவ்வொரு கோடையும் அதே ஓட்டம். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அந்தக் கலன்களோடுதான்.

நேற்றுக் கோப்பையை வாங்க வந்த உன் மனைவி, சனத்துக்கு முன்னால் கேட்டார்: "அண்ணை, கிணறு இப்பிடி எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"எனக்குத் தெரியாமலோ தங்கச்சி? மூண்டு தரம் சொன்னனான். அவன்தான் கேக்கேல்லை."

அவர் உன் படத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே இந்த மனுசன்" என்றார். படத்துக்கு முன்னால் காற்றுக்கு அணைந்திருந்த மெழுகுதிரியை அவர் திரும்பக் கொளுத்தவில்லை.

இன்று காலை உன் வீட்டுப் படலை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை முதலில் உனக்கு எழுதுகிறேன். அந்த மூன்று தரமும் நான் கட்டிய கதை. முன்னமே சொன்னேன் என்று மேலே எழுதினேனே, அதுவும் அதே கதைதான். உனக்கு நான் ஒரு தரமும் சொல்லவில்லை, மச்சான்.