கறையின் படம்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று மாதாமாதம் அக்கா வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். பன்னிரண்டு வருடங்களாக ஒரு வரி எழுதாதவன் உங்கள் அச்சக முகவரிக்கு எழுதுகிறான் என்றால் ஒன்று சொத்துத் தகராறு, இல்லாவிட்டால் மன்னிப்பு. நம்மிடம் சொத்து இல்லை.

என் கூடத்து அச்சுப்படம் உங்களுக்கு மறந்திருக்காது. மறுமலர்ச்சிக் கால ஓவியர் ஒருவர், ஒரு தேவாலயப் பீடத்துக்கு மேலே வைக்கும் பெரிய ஓவியத்துக்காகப் பேனாவால் வரைந்து பார்த்த முன்வரைவு அது. குழந்தையோடு மாதா, இருபுறமும் புனிதர்கள், கீழே யாழ் மீட்டும் வானதூதர். வெகுகாலம் கழித்து இன்னொருவர் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார். சட்டத்தை மாற்றுவதற்காக நான் படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்த அன்றுதான் நீங்கள் இருவரும் வந்து தேநீர் குடித்தீர்கள். பிறகு பார்த்தால் ஓரத்தில், வானதூதரின் முழங்காலுக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு கறை.

“ஆமாப்பா, என் கைதான் தவறிடுச்சு” என்றீர்கள். “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க” என்றேன். நீங்களும் மிதிக்கவில்லை. நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இல்லை. என் நோயாளிகள் பல்லே ஒழுங்காகத் தேய்ப்பதில்லை.

போன மாதம் பழைய காகிதங்களைச் சீர்செய்யும் ஓர் அம்மாவிடம் படத்தைக் கொடுத்தேன். மூன்று வாரம் போராடிவிட்டுக் கூப்பிட்டார். “டாக்டர், இது கறை இல்ல. கறையோட படம்.” மூலத்தில் யாரோ எப்போதோ சிந்திய மையையும் விடாமல் தகட்டில் செதுக்கிவிட்டாராம், மூலத்துக்கு அவ்வளவு விசுவாசமான அந்தச் செதுக்குக்காரர். லென்ஸ் வைத்து நானே பார்த்தேன். கறை முழுக்கப் பொடிக் கோடுகள். முதல் சட்டத்தின் அட்டை அந்த ஓரத்தை மறைத்திருந்திருக்கிறது.

பற்களில் கறை எடுத்தே பிழைக்கிறவன் நான். மன்னியுங்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. சிந்தாததைச் சிந்தினேன் என்று ஏன் சொன்னீர்கள்?

தலைகுனிந்து,
உங்கள் மச்சான்


மார்ச் 8

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இருபத்தைந்து வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் அல்லவா? பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் திருத்திய பிறகுதான் கண் கலங்கியது.

அன்று நீ வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். கையில் கோப்பையோடு அந்தப் படத்தின்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் உன் அக்கா. அவள் கை எப்படிப்பட்டது என்று என் சட்டைகளைக் கேட்டால் சொல்லும். நீ கறையைக் காட்டிக் கத்தியதும் ஒரு கணக்குப் போட்டேன். அப்பா அம்மா போனபின் உங்களுக்கு நீங்கள் இருவர்தான். அக்காவும் தம்பியும் பேசாமல் போனால் அது துக்கம். அத்தானும் மச்சானும் பேசாமல் போனால் ஊரில் அதை ஒரு செய்தியாகக்கூட மதிக்க மாட்டார்கள்.

அவளோ என்னை இன்றுவரை மன்னித்துக்கொண்டே இருக்கிறாள். “போனாப் போகுது, தெரியாமத்தானே சிந்துனீங்க” என்பாள். ஆகவே ஓர் உதவி செய். அவளிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் நீ கேட்டதையே அவளும் கேட்பாள். ‘உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்’ என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? கறை என் பேரிலேயே இருக்கட்டும்.

உனக்கு நன்றி. ‘நீ நிரபராதி’ என்று அச்சகம் தேடிக் கடிதம் எழுதுகிறவர்கள் உலகத்தில் குறைவு.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நான் காய்ச்சல் கண்டு கிடந்த பதினெட்டு நாளும் கஞ்சி ஊற்றியது அக்கா. முதல் நோயாளி என்னைக் கடித்த கதைக்கு இன்றும் சிரிக்கிற ஒரே ஆள் அக்கா. அவளைத் தப்பாகச் சந்தேகப்பட்டு, அந்தப் பழியை நீங்கள் சுமந்து, அவளை எனக்கு விட்டுவைத்திருக்கிறீர்கள். இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தெரியாததால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று அக்கா படத்தைப் பார்த்து, “இன்னும் போகலையாடா? எல்லாம் அந்த மனுஷனால வந்தது” என்றாள். பொறுக்கவில்லை. “அவரு இல்லக்கா. நான்தான் சிந்தினேன். பழிய அவரு மேல போட்டுட்டேன்” என்றேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டவில்லை, அத்தான். திட்டாத அக்காவை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் காப்பாற்றித் தந்ததை நானே போட்டு உடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் மச்சான்


மார்ச் 17

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா நான்கு நாளாக வாயே திறக்கவில்லை. இன்று காலை திறந்தாள். “அவன் சொன்னது பொய். தப்பு அவன் பேர்ல இருந்தா வீடே அதிரக் கத்துவான். இதச் சொல்றப்போ தரையப் பாத்துப் பேசினான். ரெண்டு பேரும் சேர்ந்து என்ன மறைக்கிறீங்க?”

உன் கடிதங்கள் இரண்டையும் கொடுத்தேன். மிச்சத்தை வாயால் சொன்னேன்.

“அப்போ இத்தனை வருஷமா நான் மன்னிச்சப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?”

“சில நாள்.”

“நானே சிந்தியிருந்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும். அதான் நான் முந்திக்கிட்டேன்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாவம், தனியா உக்காந்து நடுங்கிக்கிட்டிருப்பான். சட்டைய மாத்துங்க, போவோம்” என்றாள். நீ கேட்டிருக்க வேண்டிய திட்டுகளை நேரில் சேர்த்துக் கொடுப்பாளாம்.

போகிற வழியில்தான் இதைத் தபாலில் போடுகிறேன். நாளையோ மறுநாளோ உன் கைக்கு வரும். நாங்கள் இன்றே வந்திருப்போம். வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட உனக்கு வார்த்தை வந்திருக்காது. பரவாயில்லையப்பா. நானே உள்ளே வந்திருப்பேன்.

அத்தான்