ஏழாம் பாத்தி

2091 மாசி 9, காலை
தீவுச் சமுதாயக் கல்லூரி, விவசாயப் பிரிவு. கிணற்று நீரின் உப்பு நேற்றைய அளவே. எட்டுப் பாத்திகள், ஒவ்வொன்றும் ஒரு பாயின் அகலம். எட்டு வகைக் குரக்கன், அதாவது கேழ்வரகு. எல்லாவற்றுக்கும் இதே உப்பு நீர். மற்றவை கருகிவிட்டன. அடுப்படிக்குக் கிட்ட இருக்கும் ஏழாம் பாத்தி மட்டும் பச்சை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே மிஞ்சிய ஒரே மாணவி நான். உப்பு நீரில் ஒரு தானியமாவது விளைந்தால் தீவில் உள்ள குடும்பங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஆவணியில் எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

பெருநிலத்திலிருந்து பாடம் நடத்தும் தயாபரன் சேர், வானொலியில்: "உண்மையாவே பச்சையோ, டிலானி? உமக்கு நிறக்குருடு ஒண்டும் இல்லையே?"

பங்குனி 21, மாலை
அறுவடை. ஏழாம் பாத்தியின் மண்ணில் உப்பு மிகக் குறைவு. வேர்கள் உப்பை உறிஞ்சியிருக்க வேண்டும் என்று எழுதினேன். அழகான விளக்கம். சேரும் ஒப்புக்கொண்டார்.

விடுதியில் சமைக்கும் மெற்றில்டா மாமி ஒலிவாங்கியைப் பறித்து அவரிடம் முறையிட்டார்: "சேர், இவ குரக்கனைத்தான் கட்டப்போறா. விடிஞ்சா அதோடதான் கதை. என்னைத் திரும்பியும் பாக்கிறேல்லை."

சித்திரை 18
விதை முழுவதையும் பெரிய வயலில் விதைத்தாயிற்று. கப்பலுக்குக் கொடுத்த பெயர்களைச் சனம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மாமிக்குக் கால் வீக்கம். சிறுநீரகம் என்கிறார்கள். படகில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வைகாசி 30
வயலில் நுனிகள் கருகுகின்றன. அதே விதை. அதே நீர். திரும்பத் திரும்ப அளக்கிறேன். விளங்கவில்லை.

ஆனி 6
ஆஸ்பத்திரியிலிருந்து மாமி, வானொலியில்: "பிள்ளை, என்ர அடுப்படிப் பாத்திக்கு இப்ப ஆர் தண்ணி விடுறது?"

என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"ஏசாதை. உப்பைக் குடிச்சுக்கொண்டு நிக்குதுகள், பாக்கப் பாவமாக் கிடந்தது. எனக்கு அளந்து தாற குடிதண்ணியில முக்கால்வாசியை ஒவ்வொரு நாளும் விட்டனான். எல்லாத்துக்கும் காணாது. அடுப்படிக்குக் கிட்ட நிண்டதுக்கு மட்டும்தான். டொக்ரர்மார் தண்ணி குடிச்சனீங்களோ எண்டு கேக்கினம். வடிவாக் குடிச்சனான் எண்டு சொல்லிப்போட்டன். கேட்டா நீயும் அப்பிடியே சொல்லு."

இரைச்சல். பிறகு: "வயல் எப்பிடி?"

பச்சையாக நிற்கிறது என்றேன்.

"எனக்குத் தெரியும். ஆவணியில வந்து கூழ் காய்ச்சுறன். பெரிய பானையைக் கழுவி வை."

ஆனி 19
சேர்: "விடியக்காலமை மெற்றில்டா அக்கா காலமாயிட்டா, டிலானி. உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

அளவீடு எதுவும் எடுக்கவில்லை.

ஆவணி 2
கப்பல் வந்துவிட்டது. சனம் ஏறுகிறது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கண்டெடுப்பவருக்கு: ஏழாம் வகை உப்பைத் தாங்காது. அதை நம்பி யாரும் விதைக்க வேண்டாம். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் 'புறத் தாக்கம்' என்று எழுத வேண்டும். பாடத்தில் உள்ள சொல் அதுதான். எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

பெரிய பானை கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது.

அடுப்படிப் பக்கம், அறுத்த குரக்கன் தாள் ஒன்றில் துளிர் விட்டிருக்கிறது. இன்று எனக்குக் கிடைத்த குடிநீரை அதற்கு ஊற்றினேன்.

இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.