சரிம்மா என்று சொல்லாதே

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. அங்கே உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எனக்குக் கை கால் எல்லாம் சுகம், தலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் தம்பி புது வீட்டுக்குப் போய்விட்டான், இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். மாடி வீட்டுக்காரி பழையபடி என் கொடியில்தான் துணி காயப்போடுகிறாள், கேட்டால் சிரிக்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார். சலவைக் கடையில் ஒரு கூத்து நடந்ததே, அதைத் தம்பி உன் காதில் போட்டிருப்பான். அங்கே வேலை பார்க்கிற இத்தனை வருஷமாகச் சீட்டைப் பார்க்காமலே யார் துணி எது என்று எடுத்துக் கொடுக்கிறவள், போன மாதம் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டைத் தூக்கி பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவரும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு பகலெல்லாம் ரொட்டி போட்டிருக்கிறார். டாக்டர் கைக்குப் போனது பேக்கரிக்காரர் தொப்பைக்குத் தைத்த கோட்டு. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் பயம் பிடித்துக்கொண்டது, அதற்குக் காரணம் உன் படிப்பு.

ஆராய்ச்சியை முடிக்கிற நேரத்தில், பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டியதையெல்லாம் என்னிடம்தானே போனில் சொல்லிப் பார்த்தாய்? மறதி நோய் வந்தவர்களிடம் வீட்டு மனிதர்கள் எப்படிப் பேசினால் அவர்கள் பதறாமல் இருக்கிறார்கள் என்பதைத்தான் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினாய். 'ஞாபகம் இருக்கா' என்று கேட்கக் கூடாது. 'இப்பத்தானே சொன்னேன்' என்று கடிந்துகொள்ளக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். கிழமை என்ன என்று கேட்காமல் நாமே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட வேண்டும். செத்துப்போனவரைத் தேடினால், செத்துவிட்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு தடவையும் அது அவர்களுக்குப் புதுச் சாவு. அவர்கள் போக்கிலேயே போய் அந்த மனிதரைப் பற்றிப் பேச்சை மாற்ற வேண்டும். நீ பேசப் பேச எனக்குப் பெருமையாக இருந்தது.

கோட்டு விஷயம் உன் காதுக்கு வந்த பிறகு உன் பேச்சே மாறிவிட்டது. "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, கடையிலேருந்து வந்துட்டியாம்மா" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாய். குழாய் ஒழுகுவதை மறுபடி சொன்னபோது புதிதாகக் கேட்பது போலக் கேட்டாய். நான் வெயில் என்றால் மழை என்று மல்லுக்கு நிற்கிறவள் நீ, வாயாடி என்று பேர் வந்ததே அதனால்தான். எனக்கு அந்த நோய்தான் என்று நினைத்துவிட்டாயோ என்று தோன்றியது. நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்வாயா என்ன? அதனால் சோதித்துப் பார்க்கலாம் என்று புத்தி போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "அப்பா வெளியே போயிருக்காரு, வந்ததும் உங்கிட்ட பேசச் சொல்றேன்" என்றேன். அப்பா போய் நாலு வருஷமாகிறது, என்னம்மா உளறுகிறாய் என்று நீ கத்துவாய், நான் சிரித்துவிடலாம் என்று காத்திருந்தேன். நீயோ மெதுவாக, "சரிம்மா. அப்பா எந்தச் சட்டை போட்டா உனக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்றாய்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீலச் சட்டை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் தம்பி வந்து நின்றான், முகத்தில் ஈயாடவில்லை. நேரே சமையலறைக்குப் போய் கேஸ் சிலிண்டரை மூடினான். அக்கா ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுப்பதைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறாள், ஊருக்கு வர டிக்கெட் பார்க்கிறாள் என்றான். அடேய், அவளைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா, டீ குடிக்கிறியா?" என்றான். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பாடம். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

இப்போது நான் என்ன சொன்னாலும் எடுபடாது. தெளிவாகப் பேசினாலும் அழுதாலும் கோபப்பட்டாலும் எல்லாம் நோய்க்காரி பேச்சாகத்தான் உங்களுக்குப் படும். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் படிப்பாயோ என்னவோ. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, தம்பியிடம் சொல்லவில்லை. அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொன்ன அந்த நொடியில் நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். நடிப்புக்காகப் பார்த்தேனா, வருவார் என்று பார்த்தேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன் என்று நூறு தடவை சொல்லிக்கொள்கிறேன், நூற்றி ஓராவது தடவை சந்தேகம் வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது கண்ணு.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறேன், தம்பி கூட வருகிறான். டாக்டர் கேட்பதற்கு நான்தான் பதில் சொல்வேன், நீ வாயைத் திறக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு வந்து சேரும். நீ ஆராய்ச்சியைத் தள்ளிப்போடாதே. எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினாய், எத்தனை பேர் உன் எதிரில் உட்கார்ந்து அழுதார்கள், அதெல்லாம் என் ஒருத்தியால் மேஜையில் கிடக்க வேண்டாம். எனக்கு அந்த நோய் இருந்தால் நீ படித்து முடித்திருப்பதுதான் எனக்கும் நல்லது. காப்பியைக் குடித்தே வயிற்றை நிரப்பாதே. கண் வலிக்கிறது என்றாயே, கண்ணாடியை மாற்று. நேரத்துக்குத் தூங்கு.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். உன்னிடம் வருகிறவர்கள் பயம் தெளிந்து போகட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, டாக்டர் சொல்கிறவரை நான் உன் நோயாளி இல்லை, உன் அம்மா. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனை எடுத்ததும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் கேட்காதே. அப்பா செத்துப் போய்விட்டார் என்று எடுத்த எடுப்பில் என்னிடம் சொல். அது எனக்குத் தெரிந்த சேதியா, புதுச் சேதியா என்று இரண்டு பேரும் சேர்ந்தே தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
உன் அம்மா