வேளாமீன் கொம்பும் ஒரு பூதமும்

12-2-1974, செவ்வாய்.

கல்லூரி விழாவில் இன்று என் மாணவிகள் போட்டது, அர்த்தமே இல்லாத ஓர் ஆங்கிலப் பாட்டிலிருந்து செய்த நாடகம். மாயவாளால் பூதத்தைக் கொன்று, தலையோடு வீடு திரும்பும் கதை. ஊராருக்குப் புரியாவிட்டால் இனி ஆங்கில நாடகமே வேண்டாம் என்று முதல்வர் அம்மா சொல்லியிருந்தார். எனக்கும் நம்பிக்கையில்லை.

அந்த வாள் எப்படியிருக்கும் என்று பாட்டில் இல்லை. நாயகனாக நடித்த ரோஸ்லின், ரம்பம்போல் பல் வைத்த வேளாமீன் கொம்பை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். அதை வைத்துப் பூதத்தை வெட்டி, அட்டைத் தலையைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினாள். ஒரு கைதட்டல் இல்லை.

கடலுக்குப் போகும் அவள் அப்பா பின்வரிசையில் எழுந்தார்.

"ஏளா, தலைய மட்டும் தூக்கிட்டுப் போறியே! இம்புட்டு ஒடம்பையும் ஆருக்கு விட்டுட்டுப் போற?"

"ஒத்தையில எப்படிப்பா இழுக்க? வந்து ஒரு கை பிடிங்க!" என்றாள் மேடையிலிருந்தே.

அவர் வந்தார். கூடவே நாலைந்து பேர் ஏறினார்கள். கரைவலை இழுப்பதுபோல் பாடிப் பாடி இழுத்தார்கள். போர்வைக்குள் பூதமாகச் செத்துக்கிடந்த பிள்ளைகள் சிரித்ததில் பூதம் குலுங்கியது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

முதல்வர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் ஒண்ணு போடுங்க" என்றார். பிறகு மெதுவாக, "பாட்டுலயே இப்படித்தான் இருக்கா மிஸ்?"

"அப்படியேதான் இருக்கு" என்றேன், முகம் மாறாமல்.