பிரபு போட்ட பாதி

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. ஏரிக்கரை சைக்கிள் பாதையில் என் பாதி கிட்டத்தட்ட முடிந்தது. பழைய சிமென்ட் தளம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. சுரண்டி, கழுவி, ரெசின் பசை பூசி, அது காயும் முன் மணல் தூவியாயிற்று. ஒட்டாத மணலைக் கூட்டிவிட்டு மேலே லேசாக ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

மறுபாதி பிரபுவுக்கு. என் சகலை, கோமதியின் தங்கையைக் கட்டியவன். கான்ட்ராக்டைப் பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொன்னது மாமனார். மருமகன்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டுமாம்.

வாங்க: ரோலர் (செவ்வாய்ப்பேட்டை), தின்னர், கோமதிக்கு பிரஷர் மாத்திரை.

ஏப்ரல் 23, வியாழன்

பிரபு பக்கம் எட்டிப் பார்த்தேன். மேல் பூச்சைத் தடிமனாக அப்பியிருக்கிறான். மணல் முழுக்க உள்ளே முங்கிவிட்டது. கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நனைந்தால் வழுக்கும்.

"இத்தன பூச்சு எதுக்கு பிரபு?"

"தெறப்பு விழாவுக்குப் பளபளன்னு இருக்கோணும்னு சொன்னாங்கண்ணா."

வழுக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கெட்டிக்காரன்தானே, அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஏப்ரல் 25, சனி

திறப்பு விழா. போட்டோ எல்லாம் அவன் பக்கம். வந்தவர்களின் பைக் நிறுத்த என் பக்கம்.

மாமனார் சர்க்கரைக்காகத் தினமும் காலையில் சைக்கிள் மிதிப்பவர். இன்று அவன் பாதியிலேயே போவதும் திரும்புவதுமாக இருந்தார். "சின்ன மாப்பள பாதையில சைக்கிள் தானாப் போகுதுங்க சாமி. உங்குளுது கரகரங்குது."

கரகரக்கத்தானே போட்டது! "ஆமாங்க மாமா" என்றேன். சிரிக்கவும் செய்தேன். வயிறு எரிந்தது. ஜிலேபி தின்றும் அடங்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

மக்காச்சோளம்! அவன் பாதியில் நெடுக காயப்போட்டிருக்கிறார்கள். என் பக்கம் ஒரு மணி கூட இல்லை. சோளம் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அந்தப் பக்கம் கூட்டி அள்ள முடியறதில்லீங்க, சொரசொரப்புல சிக்கிக்குது. இது தாம்பாளமாட்ட இருக்குதுங்க."

பாதையில் சோளம் காயப்போடுவது எனக்குப் பிடிக்காது. விரட்டிவிடுவேன். என் பக்கம் போட்டால் அல்லவா விரட்ட முடியும்?

ஏப்ரல் 30, வியாழன்

புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. போனில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கோமதி: "ஏனுங்க, நமக்கென்ன தோட்டமா காயுது?"

யாருக்கும் அடிபட வேண்டாம். ஒரே ஒரு வழுக்கல். சிராய்ப்புகூட வேண்டாம். நாலு பேர் பார்த்தால் போதும்.

மே 2, சனி

விடியும்போதே மழை. நல்ல மழை. எழுந்திருக்காமல் சிரித்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன்.

கோமதி போனோடு வந்தாள். "அப்பா இந்த மழையிலயும் சைக்கிள எடுத்துட்டு ஏரிக்குப் போயிட்டாருங்களாம். அம்மா சத்தம் போடறாங்க."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சட்டைப் பித்தான்கூடப் போடாமல் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவர் இடுப்பு ஒடிந்து கிடப்பதுதான் கண்ணில். நான்தான் வேண்டி வரவழைத்த மழை. ஐயோ.

மாமனார் என் பாதியில் போய்க்கொண்டிருந்தார். தலையில் பிளாஸ்டிக் பை. வளைவிலும் டயர் நழுவவில்லை. பிரபுவின் பாதிக்குக் குறுக்கே கயிறு. அதன் அருகே அவன், தொப்பலாக. என்னைக் கண்டதும் மாமனார் சைக்கிளை நிறுத்தினார்.

"சின்ன மாப்பள நேத்தே போன் பண்ணிட்டாருங்க. மழ வந்தா எம்பக்கம் வராதீங்க மாமா, பூச்சு அதிகமாப் போட்டுட்டேன், அண்ணன் போட்டதுதான் நல்லாப் புடிக்கும்னாரு. தப்ப ஒத்துக்க ஒரு மனசு வேணுமுங்க சாமி. தங்கமான மனுசன்."

பிடித்தது என் பாதை. தங்கம் அவன். பாவி, இதிலும் முந்திக்கொண்டான்.

பிரபு என்னிடம் ஓடி வந்தான். "சொரண்டிட்டு மறுக்கா மணல் தூவோணுங்ணா. உங்குளுக்கு மிச்சம் கெடக்குதுங்களா?"

கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.