திருகின் தலையில் மாதுளை நிறம்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நாற்றம் என் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இன்ஜின் கரியைக் கரைக்கும் ஸ்ப்ரேயின் நாற்றம். சோப்புப் போட்டாயிற்று, சீயக்காய் போட்டாயிற்று, எலுமிச்சம்பழத் தோலையும் தேய்த்தாயிற்று. சோற்றை அள்ளி வாயருகே கொண்டுபோனால் அதுவேதான் அடிக்கிறது. நகப்பூச்சை அழிக்கிற மருந்துக்கும் ஏறக்குறைய இதே வாடைதான். இந்த ஒற்றுமை எனக்குத் தெரியவந்ததற்கு நீங்கள்தான் காரணம். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். இப்போதாவது பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போக மாட்டீர்கள் அல்லவா.

எல்லாம் நீங்கள் விட்டுவிட்டுப் போன பிக்கப் வண்டியைப் பற்றித்தான். போன வருடம் உங்களைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த கையோடு, வண்டியை விற்றுவிடு என்று சொல்லாத ஆளில்லை. நான் விற்கவில்லை. லைசென்ஸ் எடுத்தபோது, "நீ ஓட்டி நான் ஒக்காந்து வரவா மேரி, ஊரு சிரிக்கும்" என்று கேலி செய்தீர்களே, அதே லைசென்ஸை வைத்துத்தான் இன்று செராமிக் கம்பெனிகளில் லோடு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் சிரிக்கவில்லை. வண்டிதான் என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான் வம்பு. ரயில்வே கேட்டில், பஸ் ஸ்டாண்டு வாசலில், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் முன்னால் ஊரும்போது, எங்கே ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் இரண்டு முறை விக்கி அணைந்துவிடும். உங்களுக்கும் அது அப்படித்தான் இருந்தது. அதற்கு வைத்தியமாக ஒரு கால் வித்தை வைத்திருந்தீர்கள். பாதத்தின் முன்பக்கம் பிரேக்கில், குதிகால் ஆக்சிலேட்டரில். நிற்கும் நேரமெல்லாம் குதிகாலால் இன்ஜினை உறுமவிட்டு உயிரோடு வைத்திருப்பீர்கள். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னால், "அதுக்கு லேசா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நமக்கு வாங்கல?" என்பீர்கள். நானும் அந்த வித்தையைப் பழகிக்கொண்டேன். முழங்கால் வலிதான் மிச்சம்.

எந்த வித்தைக்கும் ஓர் எல்லை உண்டு. நான் ஏற்றுவது ஊறுகாய் ஜாடி. வைக்கோல் போட்டு எவ்வளவு பக்குவமாக அடுக்கினாலும், அணைந்த வண்டியை மறுபடி கிளப்பும்போது குலுக்குகிற குலுக்கில் மூடிகள் விரிசல் விட்டுவிடுகின்றன. சேத்தியாத்தோப்புப் பாத்திரக் கடைக்காரர் இரண்டாவது முறையும் விரிசல் விட்ட மூடிகளைத் தனியாகக் கட்டித் திருப்பி அனுப்பினார். கம்பெனி முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்?

"ஏம்மா, ஒன்னைய கோவிச்சிக்க மனசு வரல. ஆனா திங்கக்கெழம லோடுல ஒரு மூடி ஒடஞ்சாலும் அடுத்த லோடு வேற வண்டிக்குத்தான். தப்பா எடுத்துக்காத" என்று சொல்லிவிட்டார்.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்த லோடு போனால் வண்டிக்கு வேலையில்லை. வேலையில்லாத வண்டியை விற்கத்தான் வேண்டும். அன்றைக்கு எல்லாரும் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

பைபாஸ் பக்கத்து ஒர்க் ஷாப்பில் காட்டினேன். இன்ஜினுக்குக் காற்றை அளந்துவிடுகிற த்ராட்டில் பாடி போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும், வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்தார்கள். நம் மெக்கானிக் தாஸுக்குப் போன் போட்டால், அவர் மாடிப்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். எனக்கென்று எல்லாம் எப்படித்தான் கூடி வருகிறதோ தெரியவில்லை.

"அக்கா, அது போயிருக்காது. கரி புடிச்சிருக்கும்" என்றார் தாஸ். "கழட்டித் தொடைச்சா சரியாயிடும். நீங்களே செய்யலாம், நான் போன்ல சொல்றேன். மொதல்ல பேட்டரி வயர கழட்டிடுங்க. ஸ்ப்ரேய நேரா உள்ள அடிக்காதீங்க, துணியில அடிச்சித் தொடைங்க. உள்ள வட்டமா ஒரு தகடு இருக்கும். அத வெரலால அழுத்தித் தள்ளாதீங்க. அத தெறந்து மூடறதுக்கு மோட்டாரு இருக்குது, பல்லுச் சக்கரம் இருக்குது, பாழாயிடும்."

ஞாயிறு பூசை முடிந்து வந்து, புடவை மேல் உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்தைத் திறந்தேன். காற்றுக் குழாயைக் கழற்றலாம் என்று பார்த்தால் அதைப் பிடிக்கிற கிளாம்பே இல்லை. அதற்குப் பதிலாகச் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி, அதன் மேல் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தீர்கள். அந்த முறுக்கைப் பிரிக்கவே பாதிக் காலை போயிற்று. உங்களுக்குக் கோபம் வந்தால் என் பின்னலைப் பற்றி ஏதாவது சொல்வீர்களே, உங்கள் கம்பி முறுக்கை ஒரு நாள் நீங்களே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். விரலில் குத்திய இடம் இன்னும் வலிக்கிறது.

நாலு போல்ட்டையும் எடுத்து அந்தப் பாடியைச் சாக்கின் மேல் வைத்தேன். உள்ளே தகட்டைச் சுற்றி அடுப்புக் கரி போலத் தடித்துக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டுதான் லேசாக மூச்சு வாங்குது என்று சொன்னீர்கள். துணியில் ஸ்ப்ரேயை அடித்து விளிம்போடு துடைத்தேன். கறுப்பு, கறுப்பு, மறுபடியும் கறுப்பு. துணியை மாற்றி வெளிப்பக்கத்தைத் துடைத்தபோது கறுப்புக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. விரலைத்தான் கீறிக்கொண்டேனோ என்று பார்த்தேன். ரத்தம் இல்லை. மாதுளை முத்து நிறம். வெயிலில் பிடித்தால் உள்ளே மினுக்கம் வேறு.

ஏங்க, அந்த நிறத்தை எனக்குத் தெரியாதா?

திருவிழாக் கடையில் நான் ஆசையாகப் பொறுக்கி வாங்கிய நகப்பூச்சு. நாள் முழுக்கக் கம்பெனிக் களிமண்ணில் கிடந்த கை என் கை. நகம் வளர்ந்ததே கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை, தேர்பவனி அன்றைக்கு மட்டும் பூசிக்கொள்வேன். வாங்கி வைத்த பாட்டில், தேர் அன்று மாலை அலமாரியில் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். நீங்கள் வாசலில் நின்று தலை சீவிக்கொண்டே, "ஸ்டெல்லா வந்துட்டுப் போனாளே, அவ எடுத்துட்டுப் போயிருப்பா. சின்ன வயசுலேந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்" என்றீர்கள். சொந்தத் தங்கையைச் சொன்னீர்கள்! அதற்குப் பிறகு அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அடுத்த திருவிழாவுக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரவில்லை. "ஒன் நாத்தனார் வராம தேர் என்ன தேர்" என்று என்னிடமே வந்து வருத்தப்பட்டீர்களே, அப்போது உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது?

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பாடியின் ஓரத்தில் பொட்டு அளவுக்கு ஒரு ஸ்க்ரூ. அதன் தலையிலும் கழுத்திலும் பூசியிருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். தாஸ் சொன்னபடி சாவியைப் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் காத்திருந்தேன். அப்படி விட்டால் வண்டி தன் மூச்சைத் தானே கற்றுக்கொள்ளுமாம். ஸ்டார்ட் செய்தேன். கற்றுக்கொள்ளவில்லை. அணைவதற்குப் பதிலாக இப்போது ஒரேயடியாகக் கத்தியது. காலே வைக்காமல் அப்படியொரு உறுமல். பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி தாஸைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, ஓரத்துல ஒரு ஸ்க்ரூ இருக்குதா? தகடு எவ்வளவு மூடணும்னு வண்டிக் கம்பெனியிலயே வச்சிப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. அந்த வெள்ளக் கோடு நேரா இருக்குதா பாருங்க."

இல்லை. பாதிக் கோடு ஸ்க்ரூவில், பாதிக் கோடு பாடியில், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

"அப்போ யாரோ திருப்பியிருக்காங்க. கரி அடைச்சப்போ தகட்ட லேசா தெறந்து வச்சா கொஞ்ச நாள் ஓடும். இப்போ கரி போயிடுச்சி, காத்து எக்கச்சக்கமாப் போவுது. கார்புரேட்டர் வண்டி ஓட்டுனவங்க செய்யற வேல இது. அத யாருக்கா தொட்டது?"

"மாதா மேல கை வச்சி, இன்ஜின தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுன ஒருத்தரு" என்றேன்.

ஞாபகம் இருக்கிறதா? பழைய வேனின் இன்ஜினைத் திறந்து வைத்துவிட்டு மூட முடியாமல் தவித்தீர்களே, அதற்குப் பிறகு இந்த வண்டி வந்த அன்றே உங்களிடம் வாங்கிய சத்தியம். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பீங்கான் மாதாதான் சாட்சி. ஒரு நாள், "பாத்தியா மேரி, வண்டி தானா சரியாயிடுச்சி. எல்லாம் மாதா புண்ணியம்" என்று சிலுவைக் குறி வேறு போட்டீர்கள். நான் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். உங்கள் ஸ்க்ரூ டிரைவருக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்!

சரி, திருப்பி வைக்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அந்த ஸ்க்ரூவைக் கடைசியாகத் திருப்பியது உங்கள் கை. அது நினைவுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. உங்கள் கையைப் பிடித்து விலக்குவது போல இருந்தது. அழுதேன். உங்கள் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தேன். பிறகு மெழுகுவர்த்தி ஞாபகம் வந்து கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் திருப்பிவிட்டேன். வெள்ளைக் கோடுகள் இரண்டும் சேர்ந்தன. மறுபடி பேட்டரி, மறுபடி சாவி, மறுபடி காத்திருப்பு. இந்த முறை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, அப்புறம் நிதானமாக நின்று ஓடியது. பானெட் மேல் கை வைத்தால்தான் ஓடுகிறது என்றே தெரிந்தது.

முதல் வேலையாக ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். உன் அண்ணன் செய்த காரியத்தைக் கேள் என்று ஆரம்பித்தால், அவள் சிரிக்கிறாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. அண்ணன் போன் பண்ணுச்சு. ஸ்க்ரூவ திருப்பிட்டேன், பெயிண்ட் வுட்டுப் போச்சு, ஸ்க்ரூ நவுராம இருக்க ஒங்க அண்ணி பாட்டில எடுத்துப் பூசிட்டேன், தெரிஞ்சா வூட்டுக்குள்ள சேக்க மாட்டா, நீ எடுத்ததா இருந்துக்க தாயின்னுச்சு."

"நீ ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"எனக்குப் புது பாட்டில் வாங்கித் தர்றேன்னுச்சு அண்ணி. கடேசி வரைக்கும் வாங்கித் தரல."

இரண்டு பக்கமும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான். "இந்தத் தேருக்கு வந்துடு" என்றேன். "வரேன் அண்ணி" என்றாள்.

நேற்று ஜாடி லோடோடு கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பழக்கத்தில் குதிகால் ஆக்சிலேட்டருக்குப் போயிற்று. எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். வண்டி அணையவில்லை. பின்னால் ஒரு ஜாடியும் முனகவில்லை. சேத்தியாத்தோப்பில் கடைக்காரர் மூடி மூடியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எல்லாம் நல்லா இருக்குதே" என்றார். முதலாளி அடுத்த வார லோடும் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வண்டியை விற்கவில்லை. நிம்மதியாக இருங்கள்.

ஆனால் அந்தக் கேட்டில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து வண்டி அணைகிற ஒவ்வொரு இடத்திலும் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு. நேற்று வண்டி அணையவில்லை. திட்ட வாயைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. ரயில் போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாக உறைத்தது. கேட் திறந்த பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

திரும்பும் வழியில் இரண்டு பாட்டில் நகப்பூச்சு வாங்கினேன், அதே மாதுளை நிறம். ஒன்று ஸ்டெல்லாவுக்கு, உங்கள் பாக்கி. இன்னொன்றைத் திறந்து அந்த ஸ்க்ரூவின் தலையில் நானே பூசினேன். பாட்டிலை மாதாவின் காலடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இனி கேட் மூடியிருந்தால் அதைப் பார்த்தால் போதும், ரயில் போய் முடிகிற வரைக்கும் உங்களைத் திட்ட எனக்கு விஷயம் இருக்கிறது.